நோரீன் என்னை ஓடவிடாத கோடை

போன கிழமை அயர்லாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மேற்குக் கரையில் ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கேயுள்ள ஓட்டக் கழகம் தன் பழைய ஆட்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறதாம். அந்த ஊரில் பிறந்து, ரொறன்ரோவுக்கு வந்து, நெடுந்தூர ஓட்டக்காரருக்கு ஆயுள் முழுக்கப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் இங்கேயே காலமான நோரீனைப் பற்றி நான் அரைப்பக்கம் எழுதித் தரவேண்டுமாம். கூடவே ஒரு படிவம். ‘அவரைச் சிறந்த பயிற்சியாளர் ஆக்கியது எது?’ என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே கட்டங்கள்: மாணவர் வென்ற பதக்கங்கள், வாராந்தப் பயிற்சித் தூரம், சிறப்பு முறைகள்.

மூன்று நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். பதக்கம் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து இரண்டு; இரண்டையும் வாங்கியவர் எங்களோடு ஓடிய ஒரு தபால்காரர். வாராந்தத் தூரத்தை நோரீன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சிறப்பு முறை? வாசலில் நின்று பார்ப்பது. இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?

“அப்பா, ஜஸ்ற் சம்திங் நைஸ் எழுதி அனுப்புங்கோவன். ஏன் இவ்வளவு ஸ்ட்ரெஸ்?” என்றாள் மகள் மதுரா. அவளும் ஓடுகிறவள்தான். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறாள். இன்றைக்கு ஓடலாமா, படுத்திருக்கலாமா என்று அதுதான் அவளுக்குச் சொல்லும். அவளுடைய பயிற்சியாளர் யாரென்று கேட்டேன். தொலைபேசியைத் தூக்கிக் காட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அவள் சப்பாத்தைக் கழற்றிப்போட்டு, முழங்காலுக்கு ஏதோ களிம்பு பூசினாள். நான் ஓடிய காலத்து அதே மணம் வீடு முழுக்கப் பரவியது. பிறகு எங்கே படிவம் நிரப்புவது? ஈரமான கரித்தூள் போட்ட ஓடுபாதையும், பக்கத்தில் நிற்கும் மஞ்சள் பாடசாலை பஸ்ஸும், அதன் படியில் இருந்து பிளாஸ்கில் தேநீர் குடிக்கும் நோரீனும் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

நோரீன் பாடசாலை பஸ் ஓட்டினார். பின்னேரம் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு அதே பஸ்ஸோடு ஓடுபாதைக்கு வருவார். அது ஐரிஷ்காரர் நடத்திய கழகம். கூரை வேலை செய்கிறவர்கள், ஒரு தபால்காரர், இரண்டு ஆசிரியைகள், அவர்களுக்கு நடுவில், நகரத்தின் மேற்கே பார்க்டேலில் இருந்து வரும் நான். நான் அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஏரிக்கரையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த என்னைத் தபால்காரர்தான் பிடித்துக் கொண்டுவந்து அங்கே சேர்த்தார். ஊரில் பள்ளிக்கூடத்துக்காகப் போட்டிகளில் ஓடியவன் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. முதல்நாள் நோரீனை ‘மிஸ்’ என்று கூப்பிட்டேன். முழுக் கழகமும் சிரித்தது. பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வளைவதற்கு ஒரு குளிர்காலம் போயிற்று.

அவர் ஊரில் பெண்பிள்ளைகளை நீண்ட தூரம் ஓட விடமாட்டார்களாம். அண்ணன்மார் வயல்வெளியில் ஓட, இவர் மதில்மேல் ஏறி இருந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். யார் எந்த மேட்டில் களைக்கப் போகிறான் என்று அவன் களைக்கும் முன்னரே தனக்குத் தெரிந்துவிடும் என்பார். இங்கேயும் அதே வேலைதான். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரின் தரிப்பிலிருந்து ஓடுபாதை வாசலுக்கு ஐந்து நிமிட நடை. நாங்கள் இறங்கி நடந்து வருவதை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கிட்ட வந்ததும் சொல்லிவிடுவார், “நீ இண்டைக்கு ஆறு சுற்று. நீ வீட்டை போ.” அவர் பேசியது தடித்த ஐரிஷ் ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்தில் என் நினைவுக்குள் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாவது கோடையில் நான் நன்றாக ஓடத் தொடங்கியிருந்தேன். மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீட்டருக்கு என் பேர் போயிருந்தது. அறையில் என்னோடு இருந்த பாஸ்கரன் அண்ணை பார்க்கிற எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்தார். எனக்கு அகதி விசாரணை இன்னும் வரவில்லை. கையில் ஒரு காகிதமும் இல்லாத ஒருவனுடைய பேர், ஒரு நாட்டுப் போட்டிப் பட்டியலில் தட்டச்சில் இருக்கிறது. அது எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்கு விளங்கும்.

போட்டிக்கு மூன்று கிழமை இருக்கையில், ஒரு பின்னேரம் நோரீன் வாசலில் என்னை மறித்தார்.

“பட்டியலில இருந்து உன்ர பேரை எடுத்துப்போட்டன்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஏன்?”

“நீ இப்ப ஓடக்கூடாது.”

“அதுதான், ஏன் எண்டு கேக்கிறன்.”

“நீ வாறதைப் பாத்தனான். ஓடக்கூடாது. வீட்டை போய்ச் சாப்பிடு.”

அவ்வளவுதான் விளக்கம். தபால்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று சப்பாத்து நாடாவைக் கட்டினார், கட்டியிருந்த நாடாவையே. எனக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன், “நான் ஐரிஷ்காரனா இருந்திருந்தா எடுத்திருப்பியளோ?”

நோரீன் திரும்பினார். பஸ் படியில் போய் இருந்தார். நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். என் முதுகையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பாஸ்கரன் அண்ணை என் பக்கம் நின்றார். “உவள் ஆர் உன்னை மறிக்க? வேற ஆள் இல்லையோ இந்த ஊரில?” வேறு ஆள் இருந்தார். நகரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கழகம், இன்னொரு பயிற்சியாளர். அவர் என் நடையைப் பார்க்கவில்லை. என் நேரத்தைப் பார்த்தார். பேரைத் திரும்பப் பதிந்தார். கிழமைக்கு நாலு நாள் கடும் ஓட்டம் கொடுத்தார். நான் முன்னைவிட வேகமாக ஓடினேன். நோரீனுக்குக் கண் தெரியவில்லை என்று ஸ்ட்ரீட்காரில் தனியாக இருந்து சந்தோஷப்பட்டேன்.

போட்டியன்று எட்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். வளைவில் இடக்கால் முன்னெலும்பில் ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது, சத்தம் முதலில். இரண்டு பேர் என்னைத் தூக்கிப் புல்லில் போட்டார்கள். எலும்பு பல கிழமையாகவே வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் மருத்துவர். உள்ளுக்குள் ஒரு நோ இருந்தது உண்மைதான். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும்கூட.

மாவுக்கட்டோடு அறையில் கிடந்த நாலாம் நாள் நோரீன் வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கையில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அவித்துப் போட்ட ஒரு தட்டோடு. பாஸ்கரன் அண்ணைக்கு உடனே பழைய கதை எல்லாம் மறந்துவிட்டது. கதிரையைத் துடைத்துப்போட்டார். சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தார். நோரீன் பெரிய கரண்டியால் அதைச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என்னைப் பற்றிக் கோள் சொன்னார், “இவன் ரெண்டு மாசமா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. ஊரில இவன்ர தம்பியைக் காணேல்லை. ஒரு செய்தியும் இல்லை.”

இதை நான் கழகத்தில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. தம்பி வீட்டை விட்டுப் போய் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் அம்மா எழுதிய கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அதற்காகவே ஓடிக்கொண்டிருந்தேன். ஓடுகிற நேரம் மட்டும் அவன் முகம் வராது.

நோரீன் கரண்டியை வைத்தார். “பெல்ற்றில ரெண்டு புது ஓட்டை போட்டிருந்தாய். காலையும் வெளிப்பக்கமா வைச்சு நடந்தாய். அதைப் பாத்துத்தான் மறிச்சனான். காரணத்தைச் சொல்லாமல் விட்டது என்ர பிழை. உனக்குத் தெரியும் எண்டு நினைச்சிட்டன்.”

பிழை செய்தவன் கட்டிலில் கிடக்க, அவர் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “நான் அண்டைக்குச் சொன்னது...” என்று தொடங்கினேன்.

“இந்தப் பருப்புக்கு என்ன போட்டது? இது உள்ளியோ?” என்று அண்ணையைக் கேட்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் அந்த மன்னிப்பைத் தொடங்கிப் பார்த்திருக்கிறேன். ஒருதரமும் முடிக்க விடவில்லை. பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் கேட்கவேண்டிய மன்னிப்பைக் கேட்கவிடாமல் ஒருவனை முப்பது வருடத்துக்கு மேலாக வைத்திருப்பதும் லேசான தண்டனை இல்லை.

குளிர் தொடங்கியபோது அம்மாவின் கடிதம் வந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான், மன்னாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில். அன்றைக்குப் பாஸ்கரன் அண்ணை ஆக்கிய சோற்றில் முக்கால்வாசியை நானே தின்றேன். இளவேனிலில் கட்டில்லாத காலோடு ஸ்ட்ரீட்காரில் இறங்கி நடந்தேன். நோரீன் வாசலில் நின்றார். “ரெண்டு சுற்று. மெல்ல” என்றார். அடுத்த நாளும் இரண்டு. ஒரு மாதம் முழுக்க இரண்டு. எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஆனால் போகாமல் இருக்கவில்லை.

இலை சிவக்கும் காலம். ஒரு ஞாயிறு காலை என்னை மட்டும் வரச் சொன்னார். போட்டி இல்லை, ஆட்கள் இல்லை. “பன்னிரண்டரைச் சுற்று, அதே ஐயாயிரம் மீட்டர். உனக்குப் பிடிச்ச மாதிரி ஓடு” என்றார். ஓடினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. கால் இருக்கிறதே தெரியவில்லை. மூச்சு தன்பாட்டில் வந்தது, தன்பாட்டில் போனது. கடைசிச் சுற்றில் நோரீன் ஓடுபாதைக்குள் இறங்கி நின்றதைக் கண்டேன். வழமையாக அவர் அப்படி இறங்குவதில்லை.

முடித்துக் குனிந்து நின்று கேட்டேன், “எவ்வளவு?”

அவர் நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சொல்லமாட்டன். சொன்னா அடுத்த கிழமை அதை வெல்லத்தான் ஓடுவாய்.”

நான் கெஞ்சினேன். கோபித்தேன். அடுத்த கிழமை சொல்வார் என்று நினைத்தேன். அந்த அடுத்த கிழமைதான் எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது, பின்னேர வேலை. பிறகு விசாரணை, பிறகு கலியாணம், பிறகு ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்டில் வீடு. திரும்பவும் ஓடவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். டிசம்பரில் நத்தாருக்கு நத்தார் நோரீனுக்கு அழைப்பு எடுப்பேன். ஒவ்வொரு முறையும் கேட்பேன். “இன்னும் அதையே கேக்கிறியோ?” என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். என் மனைவியின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

செத்தவீட்டில் அவருடைய பெறாமகளைப் பிடித்து, எங்கள் நேரங்களைக் குறித்த கொப்பி ஏதாவது வைத்திருந்தாரா என்று கேட்டேன். “அன்ரி ஒருநாளும் எதையும் எழுதினதில்லை” என்றாள். தபால்காரர் அயர்லாந்துக்குத் திரும்பிப்போய் அங்கே இறந்துவிட்டார். கழகம் வேறொன்றோடு சேர்ந்து பேரும் மாறிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போனேன். ஓடுபாதை இருந்த இடத்தில் மூன்று கொண்டோ அடுக்குமாடிக் கட்டடங்கள், கீழே நிலத்தடி வாகனத் தரிப்பிடம். காவலுக்கு நின்ற தமிழ்ப் பொடியன், “இங்க ஓடுற இடம் ஒண்டும் இருக்கேல்லை, அங்கிள்” என்றான். இருந்தது என்று அவனோடு கொஞ்ச நேரம் வாதாடினேன். பாவம், அவன் என்ன செய்வான்.

என் வாழ்க்கையில் நான் ஓடிய மிகச் சிறந்த ஓட்டம் அது. எத்தனை நிமிடம் என்று இனி யாரிடம் கேட்பேன்.