மூன்றாம் மாடிக்கு ஒரு வேலி

கட்டட அனுமதிப் பிரிவில் வேலை செய்பவரை ஊரில் யாரும் "சுகமோ?" என்று கேட்பதில்லை, "எங்கடை பைல் என்னமாதிரி?" என்றுதான் கேட்பார்கள். கவுன்டருக்குப் பின்னால் இருந்து ஏச்சு வாங்கியவர்களுக்கு இது விளங்கும்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். யாழ்ப்பாண நகரில் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. உடுப்பிட்டியில் அப்பா "டவுனையே என்ரை பிள்ளைதான் கட்டுது" என்று சொல்லித் திரிகிறார். நான் ஒரு கோழிக்கூட்டுக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை. அப்படியிருக்க, பழைய கடைத்தெருவில் ஓட்டு வீடுகளுக்கு நடுவே எட்டு மாடி விடுதி கட்ட ஒரு விண்ணப்பம் வந்தது. அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வேலியின் உயரம்

இது நான் நேரில் கண்டதல்ல. அன்று நான் லீவு. எங்கள் படவரைஞர் யோகன் அண்ணை சொன்னது. விடுதி வரப்போகும் காணிக்குப் பின்வீட்டு மலர் அக்கா கவுன்டருக்கு வந்து, மேலே நின்று பார்த்தால் தன் கிணற்றடி தெரியும், இனித் தான் எங்கே குளிப்பது என்று கேட்டாராம். "வேலியை உசத்தி அடையுங்கோ அக்கா" என்று அண்ணை பகிடியாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா சிரிக்கவில்லையாம். "எட்டு மாடி உயரத்துக்கு வேலி அடைக்கிறதெண்டால், அதுக்கும் உங்களிட்டைத்தானே தம்பி அனுமதி எடுக்கவேணும்?"

அளக்கக்கூடாத உயரம்

ஆட்சேபனை கேட்கும் நாளில் நான் இருந்தேன். எங்கள் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றும் எழும்பக்கூடாது என்றார் கோயில் சபைக்காரர். எங்கள் மணிக்கோபுரத்தைவிட எழும்பக்கூடாது என்றார் குருநகரிலிருந்து வந்த தேவாலயச் சபைக்காரர். சரி, இரண்டின் உயரத்தையும் குறித்துக்கொள்வோம் என்று பேனையை எடுத்தேன். கோபுரத்தை அளந்தால் சாமி குற்றம் என்றார் முதலாமவர்.

இரண்டாமவர் சற்று யோசித்தார். "அவை முதல் எவ்வளவெண்டு சொல்லட்டும் பிள்ளை. பிறகு நாங்கள் சொல்லுறம்."

கனடா அண்ணை

விண்ணப்பக்காரர் கனடாவிலிருந்து வந்தவர், நல்ல மனுசன். எல்லாப் பக்கமும் கண்ணாடி, கோட்டையும் கடலும் தெரியும் என்று படத்தை விரித்துக் காட்டினார். கிணற்றடியும் தெரியுமே என்றேன். அவர் முகம் வாடியது. உண்மையாகவே வெட்கப்பட்டார். எட்டை ஆறாகக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று மெல்லச் சொன்னேன்.

"ஏலாது தங்கச்சி. சனத்துக்கெல்லாம் எட்டெண்டு சொல்லிப்போட்டன். ஆறு மாடியோடை நிப்பாட்டினால், கனடாவிலை நான் கோப்பைதான் கழுவினனான் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்."

விடியமுன் குளியல்

பிறகு காணி பார்க்கப் போனேன். மலர் அக்கா தேத்தண்ணி தந்து கிணற்றடியைக் காட்டினார். துலா இல்லை, கப்பி. கிணற்றுக் கட்டின்மேல் ஒரு ரோஸ் நிறச் சவர்க்காரப் பெட்டி. வழக்கமாக எப்போது குளிப்பீர்கள் என்று அறிக்கைக்காகக் கேட்டேன். விடியமுன், இருட்டோடு என்றார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தானாம். விடுதிக்கு இன்னும் அத்திவாரம்கூட வெட்டவில்லையே, பிறகேன் இருட்டோடு என்றேன்.

அக்கா வேலிக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினார். "உங்கடை கந்தோரின்ரை மூண்டாம் மாடி வந்து கனகாலம், தங்கச்சி."

சாப்பாட்டறை யன்னல்

எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடிதான் சாப்பாட்டறை. நான் தினமும் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்துதான் சாப்பிடுவேன். அன்று திரும்பிப் பார்த்தேன். கிணறு, கப்பி, வாளி, எல்லாம் தெரிந்தது. சவர்க்காரப் பெட்டியின் நிறம்கூடத் தெரிந்தது.

எட்டு மாடியைப் பற்றி எழுதிவிட்டு இதை விட முடியுமா? என் நியமனத்தை நிரந்தரமாக்கக் கையெழுத்து வைக்கப்போகிறவரும், இந்த அறிக்கையை வாசிக்கப்போகிறவரும் ஒரே ஆள். இரண்டு தரம் அழித்தேன், மூன்றாம் தரம் எழுதினேன்: கிணற்றுப் பக்கம் விடுதிக்கு யன்னல் கூடாது; நமக்கும் கூடாது. மேலதிகாரி வாசித்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனார். நான் கீழே நின்று உடுப்பிட்டி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தவரின் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. "பிள்ளை, நான் கனகாலமா அந்த யன்னலடியிலை நிண்டுதான் பல்லுக் குத்துறன். ஒருநாளும் கீழை பாக்கேல்லையெண்டு இப்ப சொன்னால் ஆர் நம்புறது?"

கிடுகு

அறிக்கையில் ஒரு வரியையும் வெட்டாமல் கையெழுத்து வைத்தார். அடுத்த நாளே ஆள் பிடித்து, யன்னலை மறைத்து வெளியே பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டுவித்தார். காற்று நின்றுபோனது, எல்லாரும் வேர்க்க வேர்க்கச் சாப்பிடுகிறோம். விடுதி விண்ணப்பம் இன்னும் குழுவின் மேசையில்தான். கோயிலும் தேவாலயமும் இன்னும் உயரம் சொல்லவில்லை.

போன கிழமை மலர் அக்கா கவுன்டருக்கு வந்தார், தலை ஈரம் காயாமல். "இண்டைக்குத்தான் தங்கச்சி, வெயில் ஏறினாப்பிறகு குளிச்சிட்டு வாறன். உந்தக் கிடுகு உக்கினால் சொல்லுங்கோ, நான் பின்னித் தாறன்."

பிறகு தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்: நான் வேலைக்கு வந்தபின் என் அறிக்கையால் எழும்பிய ஒரே கட்டுமானம் அந்தக் கிடுகு வேலிதான், அதற்கும் நாங்கள் யாரிடமும் அனுமதி எடுக்கவில்லை.