மெழுகுப் பலகைக்குக் கம்பளி

போன வாரம் வீட்டுச் சுவருக்குக் கம்பளி போர்த்தியதற்காக மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். நானும் என் மனைவி பவானியும்... ஜோடியாக!

சுவருக்கு எதற்குக் கம்பளி என்கிறீர்களா? கொடைக்கானல்காரர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே நாங்கள் எதற்குத்தான் போர்த்தவில்லை? குடிதண்ணீர்க் கேனுக்கு டவல். குழம்புச் சட்டிக்குப் பழைய ஸ்வெட்டர். இட்லி மாவுக்குச் சால்வை – இல்லையென்றால் மாவு புளிக்கவே புளிக்காது.

கயல் எங்கள் ஒரே மகள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி ரொம்பச் சூடாகிவிடாமல் இருக்க, அதைச் சுற்றி வைக்கும் ஒருவகை மெழுகைச் செய்கிறார்கள். சூடு வந்தால் மெழுகு உருகும்; உருகும்போது சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். குளிர்ந்தால் மறுபடி உறையும். உறையும்போது வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். மனிதர்களில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இத்தனை படித்த பெண்ணுக்கு ஒரே ஒரு தொல்லை. வீசிங். மலையில் பிறந்தவளுக்கு மலைக் குளிர் ஆகாது. அறைக்குள் கரிச்சட்டி வைத்தால் புகையில் மூச்சு முட்டும். ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டு இருமல் பிடித்துக்கொள்ளும்.

அதனால் பல வருடங்களாக அவள் விருந்தாளி மாதிரிதான் வருகிறாள். காலை பஸ்ஸில் ஏறி வருவாள். சாப்பிடுவாள். மதியமே பழனி பஸ்ஸைப் பிடித்துக் கீழே பாலசமுத்திரத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாத மகள்! அந்தப் பழனி பஸ்ஸைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். பஸ் என்ன பாவம் செய்தது? ஆனாலும் எரிச்சல்தான்.

போன தடவை வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பலகைகள் கொண்டுவந்தாள். உள்ளே மெழுகு.

"இது வேற மெழுகும்மா. பகல் வெயிலுக்கே உருகிரும். ராத்திரி உறைய உறைய என் ரூம் கதகதன்னு இருக்கும். புகை கெடையாது, கரண்ட்டும் வேணாம்."

பவானிக்கு முகமே மாறிவிட்டது. எங்கள் வீட்டில் தரை, கூரை எல்லாம் மரம்.

"மர வீட்டுக்குள்ள மெழுகாடி? ஒரு தீக்குச்சி போதுமே!"

கயல் மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். லைட்டரால் கொளுத்தினாள். பற்றியது. அடுத்து மேல்பக்கம் கருகி, அப்பளம் மாதிரி உப்பி... தீ தானாக அணைந்துவிட்டது.

"தீயை அமத்துற மருந்து கலந்திருக்கும்மா. சூடு பட்டா மேல கரியாக் கட்டி மூடிக்கிரும். அதுக்கு மேல தீ உள்ள போகாது."

பவானி லைட்டரைப் பிடுங்கித் தானே ஒருமுறை கொளுத்திப் பார்த்தாள். அப்போதும் அணைந்தது. அதற்குப் பிறகுதான் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைத்தது.

தன் அறைக்குள், ஜன்னல் வழியாக வெயில் விழும் சுவரில் பலகைகளைப் பொருத்தினாள். கூடவே ஒரு குட்டி தெர்மாமீட்டர். அறையின் சூட்டைச் சென்னையில் இருக்கும் அவள் செல்போனுக்குச் சொல்லிவிடுமாம்.

"விடிய விடியச் சூடு நின்னுச்சுன்னா, அடுத்த லீவுக்கு இங்கயே தங்குறேன்பா" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல மதிய பஸ்ஸில் போய்விட்டாள்.

இங்கயே! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் எத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம் தெரியுமா?

பவானி அந்தப் பலகைகளைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். "புள்ள பாடுபட்டுச் செஞ்சது, குளிர்ல வெறைச்சுக் கெடக்கணுமாங்க?" என்று அவற்றின் மேல் தடிமனான கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டாள். போதாதென்று என்னுடையதையும் கொடுத்தேன். பகலில் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அறையோ ஐஸ் பெட்டியாகவே இருந்தது.

போன் வந்தது.

"அப்பா, ரூம் ஏன் சூடே ஆகல? வெயில் இல்லையா?"

"சுள்ளுன்னு அடிக்குதேம்மா."

"பலகை மேல படுதா?"

"எப்படிப் படும்? பத்திரமா கம்பளி போத்தி வச்சிருக்கோம்ல!"

அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு. பிறகு திட்டு.

"கம்பளி எங்கப்பா சூடு தரும்? உள்ள இருக்குற சூட்டைத்தான் காப்பாத்தும். வெயிலை முதல்ல உள்ள விட்டாத்தான மெழுகு உருகும்!"

கம்பளிகள் இறங்கின. மறுநாள் காலை பவானி கூப்பிட்டாள். "என்னங்க, வெரசா வாங்க! குளிரே தெரியல."

எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று சொல்லத்தான் கயல் போன் செய்வாள் என்று காத்திருந்தேன். செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, கணக்குக்கு மேல சூடு காட்டுது. ரூம்ல யாராச்சும் படுத்தீங்களா?"

பவானியைப் பார்த்தேன். அவள் கயலின் கட்டிலில் இருந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான் படுத்தேன்டி. தலையணையில இன்னும் உன் வாசம் இருக்குற மாதிரி இருந்துச்சு... அப்படியே தூங்கிட்டேன்."

கயலின் குரல் தணிந்துவிட்டது. "ஆளு படுத்தா ஆளோட சூடும் சேந்துரும்மா. மெழுகு மட்டும் தாங்குதான்னு தெரியணும். தெரியாம வந்து ராத்திரி மூச்சு முட்டுச்சுன்னா நீதான பயப்படுவ? அதனால கொஞ்ச நாளைக்கு ரூம் காலியா இருக்கட்டும்."

"சரிடி. இனிமே படுக்கல."

மகள் வந்து தங்க வேண்டுமென்றால் அவள் அறை காலியாக இருக்க வேண்டுமாம். இத்தனை வருடமாக அது காலியாகத்தானே இருந்தது? போதாதா? விஞ்ஞானத்திடம் இதையெல்லாம் கேட்க முடியுமா என்ன...

பவானி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த அறைப் பக்கமே போகவில்லை.

இன்று காலை மறுபடி போன்.

"அப்பா, இன்னைக்கும் சூடு கூடுதலாத்தான் காட்டுது. டெஸ்ட் திரும்பவும் கெட்டுப்போச்சு. அம்மாகிட்ட கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லுங்க."

பவானியிடம் என்னவென்று சொல்வது? நேற்று ராத்திரி அங்கே படுத்துத் தூங்கியவன் நான்!