செருப்பைக் கழற்றிவிட்டு போனட் திறந்தவர்

என் தங்கை மாடத்தியின் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி முதன்முதலாகக் கார் போனட்டைத் திறந்தபோது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாப்ள, இதென்ன கோயிலா? செருப்பப் போட்டுக்கோங்க, கீழ ஆணி கெடக்கு."

"பழகிப்போச்சு மச்சான்."

பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர் அவர். அந்த அறைக்குள் செருப்பு கூடாது, இரும்பு கூடாது, எதையும் உரசக் கூடாது. இத்தனை 'கூடாது'களையும் மீறி அவருடைய தம்பி மாரிக்கண்ணன் அப்படி ஓர் அறையில்தான் கருகிப்போனான். அன்று முதல் மாடத்திக்குத் தூக்கம் கிடையாது. "இவுகள அந்த ரூம்ல இருந்து வெளிய கொண்டாந்திரு அண்ணே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். நான் சிவகாசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். என்னால் என்ன ஆகும்?

இரண்டாயிரத்து ஆறில் ஒரு வழி தெரிந்தது. ஆலை முதலாளி ரத்தினசாமி புதுக் கார் வாங்கினார். பழைய அம்பாசடரை ஓட்ட ஆள் இல்லை. கோட்டைச்சாமியிடம் லைசென்ஸ் இருந்தது.

"ஆயிலு, தண்ணி எல்லாம் நீயே பாத்துக்கிடணும். தீபாவளி வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்புல போய்ப் படுக்காம ஓட்டிக் காமி. அப்புறம் நீதான் டிரைவர். மருந்து ரூம் பக்கமே போக வேணாம்" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைச்சாமி என்னிடம் வண்டி வேலை படிக்க வந்தார். இப்படி ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை. ஸ்பேனரைத் தரையில் சத்தம் வராமல் வைப்பார். ஆயில் அளவு பார்க்கிற குச்சியைப் பச்சைப்பிள்ளையைத் துடைப்பதுபோல் துடைப்பார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டச் சொன்னேன். வெள்ளைப் பொடியைச் சுரண்டுவதா என்று அவர் முகம் செத்துவிட்டது. சரி, வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "இஞ்சின் கொதிச்சா ஓரங்கட்டிட்டு சும்மா நில்லுங்க. ஆறுற வரைக்கும் பச்சத்தண்ணி ஊத்தப்படாது. ஊத்துனா இஞ்சின் விரிசல் விட்டிரும், வண்டி அம்புட்டுத்தான்." அவர் அதை ஒப்பித்தே காட்டினார்.

ஆவணி முடிகிற நேரம், தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மாடத்திகூடக் கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் கோட்டைச்சாமி முதலாளியின் மகள் ஸ்ரீமதியைக் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனார். வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் வெடித்தது. பழைய ரப்பர், யார் ஓட்டியிருந்தாலும் வெடித்திருக்கும். மாற்றுக் குழாய் டிக்கியில் இருந்தது. மாட்டவும் அவருக்குத் தெரியும்.

ஆனால் போனட் இடுக்கில் வெள்ளையாகப் புகைந்தது. வெறும் ஆவிதான். "எறங்கி ஓடுங்கம்மா" என்று கத்திவிட்டு, டிக்கியில் வைத்திருந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும், போனட்டைத் திறந்து, கொதிக்கிற இஞ்சின் மேல் கவிழ்த்தார்.

நான் போய்ப் பார்த்தபோது விரிசல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடியிருந்தது. இனி அந்த இஞ்சினை எடைக்குத்தான் போடலாம்.

"சொல்லிக் குடுத்தேனே மாப்ள" என்றேன்.

"ஞாபகம் இருந்துச்சு மச்சான். ஊத்தும்போதும் ஞாபகம் இருந்துச்சு. கை நிக்கல."

அதற்குமேல் அவரை என்ன சொல்ல? புகையைக் கண்டால் தண்ணீர் ஊற்று என்று அந்தக் கைக்கு ஆலையில் பாதி ஆயுளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தது சில ஞாயிற்றுக்கிழமைகள்.

முதலாளியிடம் நானும் கூடப் போனேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. டீ வாங்கிக் கொடுத்தார். மகளை முதலில் இறக்கிவிட்டதற்கு நன்றிகூடச் சொன்னார்.

"வண்டி போனாப் போகுது. பொகையக் கண்டதும் யோசிக்காமத் தண்ணி ஊத்துற ஆளு லேசுல கெடைப்பானா? ஒன்னப் போயி டிரைவராக்கப் பாத்தேனே. மருந்து ரூமுக்கு இனிமே நீதான் போர்மேன்."

கோட்டைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனதோடு சொல்கிறவரிடம் எப்படி மறுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மாடத்தி என்னிடம்தான் கேட்டாள்.

"என்ன சொன்னாக அண்ணே?"

"போர்மேன் ஆக்கிட்டாக."

"எங்கன?"

"அங்கனதான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.