விதானையாருக்கு ஒரு சிரட்டை சுண்ணாம்பு

நான் பிறந்தது கொழும்புத்துறை. கலியாணம் முடித்துப் போனது சண்டிலிப்பாய். இரண்டுக்கும் இடையில் மாட்டு வண்டியில் ஒரு காலைப் பொழுதுத் தூரம்தான். ஆனால் தாய் வீட்டுக்குப் போய் நாலு நாள் நின்றுவிட்டு வரட்டுமா என்று வாய் திறந்தால் போதும், எங்கள் வீட்டுக்காரர் அந்த நிமிடமே அநாதையாகிவிட்டவர் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். யார் சமைப்பது, யார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என்று கேள்விக்கு மேல் கேள்வி வரும். அவர் தாமாக வீட்டை விட்டுக் கிளம்புகிற காலம் வருடத்தில் ஒன்றே ஒன்றுதான். கூட்டாளிகளோடு வன்னிக்கு வேட்டைக்குப் போகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள். அந்த நாட்களில்தான் எனக்குக் கொழும்புத்துறையும், அம்மாவின் நண்டுக் குழம்பும், தங்கையோடு ஓயாத கதையும் கிடைக்கும்.

ஆகவே வீட்டிலிருந்த துவக்கின் மேல் அவரைவிட எனக்குத்தான் பக்தி அதிகம். அது ஓர் இடியன். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய சாமான். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஆறுதலாக ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிக்கலாம். குண்டு வார்ப்பதற்கு, மீன் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை என் தகப்பனார்தான் வாங்கி அனுப்புவார். மகள் வீட்டுக்கு வருகிற வழி அந்த ஈயத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

போன வருடம் அந்த வழி அடைபடப் பார்த்தது. குளத்தங்கரையில் பக்கம் காட்டி நின்ற மானை இவர் விட்ட வெடி தொடவே இல்லை. மான் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனதாம், ஓடக்கூட இல்லையாம். இந்த முறை துவக்கைச் சரிபண்ணிக்கொண்டு வராவிட்டால் சோறு காய்ச்சத்தான் கூட்டிப்போவோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். சோறு காய்ச்சப் போவதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார் இவர். அப்படியானால் எனக்குக் கொழும்புத்துறையும் இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. துவக்கு வைத்திருக்க வருடா வருடம் அனுமதி எடுக்க வேண்டும். அது ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார் சொல்லுகிற ஒரு வார்த்தையில் தங்கியிருந்தது. விதானையாரோ எங்கள் பக்கத்து வளவுக்காரர். இவருடைய துவக்கைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தாலும் பறித்து அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைத்துவிடுவேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கள்ளுத் தவறணைகளை மூட வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் போட்ட காலம் அது. எங்கள் சந்தியில் கூட்டம் என்றால் முன்னுக்கு நின்று முழங்குகிறவர் விதானையார்தான். களவாய்க் கள் இறக்கியவனுடைய முட்டிப் பானைகளை நாலு பேர் பார்க்கத் தம் கைப்பிரம்பாலேயே அடித்து உடைத்தவர். அவருடைய பனைகளிலும் முட்டி கட்டித்தான் இருந்தது. அதெல்லாம் சுண்ணாம்பு பூசிய முட்டி, இறங்குவது கருப்பநீர், பனங்கட்டி காய்ச்சத்தான் என்று கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொள்வார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பநீர், பூசாமல் விட்டால் புளித்துக் கள். பனை ஒன்றுதான், சுண்ணாம்பில்தான் எல்லாம்.

வன்னிப் பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், புகையிலை வெட்டி வெறுமையாய்க் கிடந்த எங்கள் தோட்டத்தில் இவர் துவக்கைச் சுட்டுப் பார்க்கத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விதானையார் நித்திரையாயிருப்பார் என்பது எங்கள் கணக்கு. தோட்டத்தின் அந்தக் கோடித் தலைப்பில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு போய் அதன் நடுமரத்தில் வட்டமாய் ஒரு பொட்டு வைத்தது நான்தான். பனைக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, விதானையாரின் கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் புறம் ஆள் நடமாட்டமில்லாத மூலையில் காய்ந்து விழுந்த காவோலை அடுக்கிக் கிடந்தது.

முதல் வெடி பனையின் வலது விளிம்பைச் சிராய்த்துக்கொண்டு போனது. குழல் நுனியில் குறி பார்க்கிற சின்னப் பித்தளை மணி இருந்தது. குண்டு வலப்பக்கம் போகிறது, ஆகவே மணியை இடப்பக்கம் தட்ட வேண்டும் என்றார் இவர். எனக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. சுத்தியலை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி மருந்து போட்டு இடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வெடியை விட்டார்.

பனை அசையவில்லை. வேலிக்கு அந்தப் புறம் காவோலை அடுக்குக்குள் 'மடார்' என்று ஒரு சத்தம். கல்லில் பட்ட சத்தமல்ல, மரத்தில் பட்ட சத்தமுமல்ல. சட்டி பானையோடு பழகுகிற எனக்கு அது என்ன சத்தம் என்று உடனே தெரிந்தது. மண்பானை. கொஞ்ச நேரத்தில் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. புளித்த வாசம் ஒன்று வேலியைத் தாண்டி வந்து எங்கள் மூக்கில் ஏறியது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

விதானையார் வருவதற்கு நேரம் பிடித்தது. முதலில் காவோலைப் பக்கம் போய் எதையோ அள்ளிக்கட்டப் பார்த்திருக்க வேண்டும். ஆள் புகுகிற வேலி ஓட்டையான பொட்டால் குனிந்து எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. குண்டு ஆளில் பட்டிருந்தால் கதி என்ன என்று ஆரம்பித்து இவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அதில் ஞாயமும் இருந்தது. பிறகு கையை நீட்டினார்.

"துவக்கை இப்பவே தாரும் தம்பி. நாளைக்குக் கச்சேரியிலை ஒப்படைக்கிறன்."

இவர் துவக்கைத் தூக்கிக் கொடுக்கப் போனார். நண்டுக் குழம்பு என் கண் முன்னால் ஆவியாகிப் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் குரலில் தேன் தடவிக்கொண்டு, வேட்டியெல்லாம் நனைந்திருக்கிறதே, துடைக்கத் துணி தரட்டுமா என்று கேட்டேன்.

"அது கருப்பநீர், பிள்ளை. பனங்கட்டி காய்ச்சச் சேர்த்து வைச்சனான். இவரின்ரை குண்டு முட்டியை உடைச்சுப் போட்டுது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வேலிப் பொட்டால் அவருடைய சிவப்புச் சேவல் வந்தது. வந்தது என்பதைவிட வந்து விழுந்தது என்பதுதான் சரி. எழும்பி, இரண்டடி வலப்பக்கம் வைத்து, மூன்றடி இடப்பக்கம் சரிந்து, கூவுவதற்குக் கழுத்தை நீட்டியது. கூவல் பாதியில் விக்கலாகிவிட்டது. பிறகு எசமானின் காலடியில் போய் அப்படியே குந்திக் கண்ணை மூடிக்கொண்டது.

நான் கையிலிருந்த சிரட்டையை நீட்டினேன்.

"விதானையார், சுண்ணாம்பு மிச்சம் கிடக்கு. முட்டிக்குப் பூச வேணுமெண்டால் கொண்டுபோங்கோ."

இவர் துவக்கின் குழலுக்குள் எதையோ தேடுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. விதானையார் சிரட்டையைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். பிறகு துவக்கை வாங்கினார். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் அதைத் திருப்பி, நுனியிலிருந்த மணியை உற்றுப் பார்த்தார்.

"ஆர் உந்த மணியை இடப்பக்கம் தட்டினது? குண்டு போற பக்கமே மணியையும் தட்ட வேணும். இப்பிடியே விட்டால் அடுத்த குண்டு என்ரை குசினி அடுப்புக்குள்ளை வந்து நிக்கும்."

சுத்தியலைக் கேட்டு வாங்கி, தாமே மணியை வலப்பக்கம் தட்டிக் கொடுத்தார். மூன்றாவது வெடிக்குச் சுண்ணாம்புப் பொட்டு நடுவில் பிளந்து தூளாய்ப் பறந்தது. விதானையார் சேவலை ஒரு கக்கத்திலும் சிரட்டையை மறுகையிலுமாக எடுத்துக்கொண்டு, வந்த பொட்டாலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்த வருட அனுமதிக்கு ஒரு தடையும் வரவில்லை. பயணத்துக்கு முதல் நாள் சிரட்டையும் வேலி தாண்டித் திரும்பி வந்தது, கழுவித் துடைத்து, உள்ளே பெரிய துண்டுப் பனங்கட்டியோடு. தம் வீட்டில் காய்ச்சியதாம், சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டேன். வீட்டுக்கு வீடு புதுப் பனங்கட்டி காய்ச்சுகிற காலத்தில், இது கறுத்துக் கசிந்து சாக்கு வாசம் அடித்தது. போன வருடத்துச் சரக்கு, அதுவும் கடையில் வாங்கியது.

எங்கள் வீட்டுக்காரருடைய வண்டி வன்னிப் பக்கம் திரும்ப, நான் கொழும்புத்துறை வண்டியில் ஏறிவிட்டேன். பனங்கட்டியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனேன். அன்று அம்மாவின் நண்டுக் குழம்பு கண்ணில் நீர் வருகிற அளவுக்கு உறைத்தது. விதானையாரின் பனங்கட்டியைத்தான் கடித்துக்கொண்டேன். பழசுதான், ஆனாலும் இனித்தது.