யன்னல் குழியில் நின்ற தண்ணீர்

வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் என் அண்ணை இருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வலது கையும் காலும் இயங்கவில்லை. பேச்சும் உடைந்து உடைந்துதான் வரும். மேலே வேறு படுக்கையறை இல்லாததால் அவரைக் கீழே வைத்தோம். கொஞ்சமாவது வெளிச்சம் படட்டும் என்று கட்டிலை யன்னலை ஒட்டிப் போட்டது நான்தான்.

அந்த யன்னல் பாதி நிலத்துக்குள் இருந்தது. அதற்கு வெளியே தகரம் வைத்துக் கட்டிய ஒரு குழி. குழியின் அடியில், மழைத் தண்ணீர் இறங்கிப் போக ஒரு ஓட்டை. மேப்பிள் இலைகள் விழுந்து குழி நிறைந்து கிடந்தது. அண்ணை இடது கையால் அதைக் காட்டி, "குழி... குப்பை..." என்பார்.

"ஓம் அண்ணை, சனிக்கிழமை செய்யிறன்."

தொலைவில் உள்ள மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வரும் எனக்குச் சனிக்கிழமைகள் சமையலிலும் உடுப்புத் தோய்ப்பதிலும் போய்விடும். நான்கு சனிக்கிழமைகள் அப்படியே போயின.

ஐந்தாவது சனிக்கிழமை, இவர், என் கணவர், பிள்ளைகளை ஒஷாவாவில் ஒரு பிறந்தநாளுக்குக் கூட்டிப்போயிருந்தார். மத்தியானம் வானம் உடைந்ததுபோல மழை கொட்டியது. கூரைத் தண்ணீர் கூரை விளிம்புப் பீலியை மீறி நேரே யன்னல் குழிக்குள் விழுவதை, சமைத்துக்கொண்டிருந்த குசினியிலிருந்து கண்டேன். வாளியுடன் ஓடினேன். குழியில் அரைவாசிக்குத் தண்ணீர். இலைகளைக் கைநிறைய அள்ளி எறிந்தேன். வாளியால் இறைத்தேன். ஒரு வாளி இறைத்தால் இரண்டு வாளி வந்து விழுந்தது.

உள்ளேயிருந்து அண்ணை கூப்பிட்டார். "பே... பே..."

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "பொறுங்கோ அண்ணை, வாறன்!" என்று கத்திவிட்டுத் திரும்ப இறைத்தேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை அது கூப்பிடுவதுபோல இல்லை, அழுவதுபோல இருந்தது. அப்போதும் நான் போகவில்லை. வாளியை விட்டால் கண்ணாடி உடைந்துவிடும் என்று மட்டும்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சத்தம் நின்றுவிட்டது.

வாளியை எறிந்துவிட்டுக் கீழே ஓடினேன். யன்னல் சட்டத்தின் அடியிலிருந்து தண்ணீர் அவருடைய தலையணையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவரால் விலக முடியவில்லை. வாயை மட்டும் இறுக மூடி, முகத்தை யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

"பை," என்றார்.

குனிந்து அவர் கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். கலங்கிய தண்ணீருக்குள், கண்ணாடியின் அடியில், ஓட்டையை மூடியபடி ஒரு வெள்ளைப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. தக்காளிக் கன்றுகளுக்கு நான் வாங்கிய மண்ணின் வெறும் பை. மேலேயிருந்து எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் மூன்று தரம் சொன்னார்.

அவரைத் தலையணையிலிருந்து இழுத்து விலக்கிவிட்டு ஓடினேன். சேற்றில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டுப் பையைப் பிடித்து இழுத்தேன். ஓட்டை ஒரு தரம் கொப்பளித்தது. பிறகு தண்ணீர் சுழன்று இறங்கியது.

திரும்பி வந்தபோது அறையில் கணுக்காலளவு தண்ணீர். அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றப் பார்த்தேன். என் தனிப் பலத்துக்கு அவர் அசையவில்லை. நனைந்த மெத்தையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என் கால்களைத் தண்ணீருக்குள் வைத்தபடி, இவர் வரும்வரை இருந்தேன். அவர் உடம்பு நடுங்கியபடியே இருந்தது.

அன்றைக்கே அவரை மேலே கொண்டுவந்து முன்னறையில் படுக்க வைத்தோம். இரண்டு நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றை வாயில் தீத்தும்போது கேட்டார்.

"கேட்டதோ?"

பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டது அண்ணை. நான்தான் வரேல்லை."

அவர் நெடுநேரம் மென்றார். விழுங்கினார். பிறகு இடது கையைத் தூக்கி நிலத்தைக் காட்டினார்.

"மற்ற... யன்னல்."

கீழே உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் இன்னொரு யன்னலும் அதற்கு வெளியே இன்னொரு குழியும் இருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், அந்தக் குழியின் இலைகளை வெறும் கையால் அள்ளத் தொடங்கினேன்.