ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

களமருதூர்ப் பக்கம் எங்கள் தெருவில் இரண்டு கட்சிக்கும் கிளைச் செயலாளர்கள் இருந்தார்கள். இருவருமே எங்களுக்குச் சொந்தம். ஒருவர் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. மற்றவர் அப்பாவின் பங்காளி, எனக்குச் சித்தப்பா. மாமாவின் கட்சி ஆட்சியில் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. ஆட்சி மாறியதும் சித்தப்பாவின் கட்சி மிக்சி கொடுத்தது.

மிக்சி வந்த அன்று அம்மா களையெடுக்கப் போகவில்லை. சித்தப்பாவே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்.

"யாரு குடுத்ததுன்னு மறந்துடாதீங்க அண்ணி."

அம்மா அதற்குள் தேங்காய் உடைக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா யோசிக்கவே இல்லை. டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் செருகினாள்.

அது போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. மூடியை யாரும் அழுத்திப் பிடிக்காததால் சட்னி சுவரெல்லாம் தெறித்தது. அம்மாவின் மூக்கிலும் ஒட்டியிருந்தது. அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது? எங்க டிவிய புடுங்கிப் போட்டுட்டு அவங்க மிக்சிய ஓட்டிக்கினு கீற?"

"வூட்ல ஒரு பிளக்குதாண்ணே கீது. டிவி குடுக்கசொல்லவே இன்னொன்னும் சேத்துக் குடுத்திருந்தா நான் ஏன் புடுங்கறேன்?"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறிப் போய், ஒயரும் புது பிளக் பாயிண்டும் வாங்கி வந்தார். ஆனால் அதை மாட்ட அவருக்குத் தெரியாது. ஒயரிங் வேலை தெரிந்தவர் சித்தப்பாதான்.

"மெயினை அணைச்சுட்டு இந்த ஒயர புடி மச்சான்" என்று சித்தப்பா ஸ்டூலில் ஏறினார். மாமா முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். வேலை முடிந்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே தோசை தின்றார்கள். சட்னியை மாமாதான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

தேர்தல் அன்று, பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்றிருந்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மாவை ஆவலாகப் பார்த்தார்கள். அவள் மை வைத்த விரலை இரண்டு பக்கமும் காட்டிவிட்டு நடந்தாள்.

"யாருக்கும்மா போட்ட?" என்று வழியில் கேட்டேன்.

"அத்த உங்கப்பனுக்கே சொல்லமாட்டேன், போ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.