"எனக்கு அப்பவே தெரியும்"

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றதால் பிழையும் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நேரில் பேச எனக்கு வாய் வராது.

2009இல் கடலூரில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தேன். மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள். அவளுடைய கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மைனசையும் மைனசையும் பெருக்குனா ஏன் சார் பிளஸ்ஸுன்னு கேட்டுக்கிட்டே கெடக்குதுப்பா உம்பொண்ணு. அப்படித்தான்னா அப்படித்தான். மண்டையில ஏறல. பத்தாவதுல எங்க ரிசல்ட்ட கெடுத்துடும். டீசிய வாங்கிக்கிட்டுப் போய் டைலரிங்ல சேத்துவுடு."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

"ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா மாமா? ஆடு மாதிரி தலைய ஆட்டிட்டு வந்திருக்க!" என்று மனைவி கத்தினாள்.

நூறு சதவீதத் தேர்ச்சி என்று அந்தப் பள்ளி வாசலில் பேனர் கட்டுவார்கள். அதற்காக வெளியே தள்ளிய பிள்ளைகளை எந்த பேனரிலும் போட மாட்டார்கள்.

மனைவியின் அண்ணன் சிதம்பரத்தில் இருந்தார். வண்டியோடு அங்கே குடிபோனோம். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது, கடைசி பெஞ்சில். சில மாதம் கழித்து அங்கேயும் கணக்கு டீச்சர் கூப்பிட்டார். இங்கேயும் அனுப்பிவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

"பத்தாவதுக்கு டீசி வாங்கிட்டு வந்த பொண்ணுன்னதும் நானும் மக்குன்னுதாங்க நெனச்சேன். மைனசு ஏன் பிளஸ் ஆவுதுன்னு கேட்டுச்சு. எனக்கே சொல்லத் தெரியல. வூட்டுல ஒக்காந்து படிச்சிட்டு மறுநாள் வந்து சொன்னேன். இப்ப முன்னாடி ஒக்கார வச்சிருக்கேங்க."

கேட்டது அதே பெண், அதே கேள்வி.

இந்த வருடம் பன்னிரண்டாவதில் கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்தாள். போன வாரம் கோயிலுக்கு வந்த கடலூர் வாத்தியார், கீழவீதியில் பழம் வாங்க என் வண்டியருகே நின்றார். மகளும் இருந்தாள். மார்க்கை விசாரித்தவர் முகம் மலர்ந்து, "எனக்கு அப்பவே தெரியும்பா, இது பெரிய ஆளா வரும்னு!" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மகள்தான் கேட்டாள்: "அப்ப ஏன் சார் டீசி குடுத்தீங்க?"

"பாத்தியா, இன்னும் கேள்விய வுடல!" சிரித்துக்கொண்டே பழப்பையோடு போய்விட்டார்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தான் தவறியதே தெரியாதவர் எப்படித் திருந்துவார்? பள்ளி திறந்தாகிவிட்டது. அவர் வகுப்பில் இன்னொரு பிள்ளை எழுந்து நின்று "ஏன் சார்?" என்று கேட்கும்.

சிதம்பரம், ஞாயிற்றுக்கிழமை, 17 ஜூன் 2012.